எந்த இரண்டு கன்சோல்? மூன்றையும் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா?

பாதிசேவ்

ஆறு மாதமாக இதே யோசனைதான், முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரு பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4), நின்டென்டோவின் கையடக்க ஸ்விட்ச் லைட் ஒன்று, அப்புறம் ஆபீஸ் வேலைக்கு மட்டுமே லாயக்கான ஒரு லேப்டாப். பிஎஸ்4-இல் இதுவரை சேர்ந்த கேம்கள் நாற்பதுக்கு மேல், பாதி டிஸ்க், பாதி டவுன்லோட். டிவி ஒன்றுதான். ராத்திரி எல்லா வேலையும் முடிந்தபின் ஒரு மணி நேரம், சனிக்கிழமை இரவு நண்பர்களோடு இரண்டு மணி நேரம், எனக்குக் கிடைக்கும் ஆட்ட நேரம் இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகள் வந்தால் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்கள், அது வேறு கணக்கு.

முதலில் பிஎஸ்5 மட்டும் போதும் என்று நினைத்தேன். பிறகு ஸ்விட்ச் 2 வந்தது. நண்பன் ஒருவன், சந்தா கட்டினால் நிறைய கேம் ஆடத் தரும் கேம் பாஸ் இருக்கும்போது எதற்கு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருக்கிறாய் என்று மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பக்கம் இழுக்கிறான். மூன்றையும் வாங்கிவிட்டால் தொல்லை விட்டது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, மூன்று பெட்டியும் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும் காட்சியும் கூடவே தெரிகிறது. இரண்டோடு நிறுத்துவதானால் எந்த இரண்டு?

சோபாவாசி

டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5, கூடவே ஸ்விட்ச் 2. முடிந்தது. உங்கள் பிஎஸ்4 டிஸ்க் அனேகமாக எல்லாம் பிஎஸ்5-இல் அப்படியே ஓடும், பிள்ளைகள் வந்தால் மாரியோ கார்ட் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக உட்காரலாம். இதற்கு ஆறு மாதமா?

லோடிங்99

ஆறு மாதமெல்லாம் ஒன்றுமே இல்லை. பிஎஸ்3 வாங்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பிஎஸ்4 வந்துவிட்டது.

வயர்முடிச்சு

சோபாவாசி சொன்ன ஜோடி தப்பில்லை, ஆனால் ஏன் அந்த ஜோடி என்று தெரியாமல் வாங்கினால் அடுத்த வருடம் மறுபடி இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள்.

எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று பார்க்க வேண்டாம், எந்த இரண்டு பெட்டிக்கு நடுவே பொதுவான கேம்கள் குறைவு என்று பாருங்கள். பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: இரண்டிலும் ஏஎம்டி சிப், இரண்டிலும் 16 ஜிபி நினைவகம், இரண்டும் 2020 நவம்பரில் இரண்டே நாள் இடைவெளியில் வந்தவை. வெளி ஸ்டுடியோக்கள் செய்யும் கேம்கள் அனேகமாக இரண்டிலுமே வரும். ஆக இந்த இரண்டையும் சேர்த்து வாங்கினால் ஒரே அலமாரியை இரண்டு முறை வாங்கியது மாதிரி. மிஞ்சுவது அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கேம்கள் மட்டும்தான், அதிலும் இப்போது மைக்ரோசாஃப்ட் பக்கம் வேலி சாய்ந்துவிட்டது. ஹை-ஃபை ரஷ், சீ ஆஃப் தீவ்ஸ் இரண்டும் 2024-இல் பிஎஸ்5-க்கு வந்தன, ஃபோர்ஸா ஹொரைசன் 5-ம் இந்தியானா ஜோன்ஸும் 2025 ஏப்ரலில் வந்தன, கியர்ஸ் ஆஃப் வார் முதல் பாகத்தின் புதுப்பதிப்பு அதே வருடம் ஆகஸ்டில். ஹேலோவே பிஎஸ்5-க்கு வருகிறது என்று 2025 அக்டோபரில் அறிவித்தபோது, பத்து வருடத்துக்கு முன்னால் இதற்காக ராத்திரி பகலாகச் சண்டை போட்டவர்கள் முகத்தை நினைத்துக்கொண்டேன் (நானும் அதில் ஒருவன்).

சோனி எதிர்த்திசையில் போகிறது. அதன் பெரிய கதைக் கேம்கள் ஒன்றிரண்டு வருடம் தாமதமாக, சில சமயம் இன்னும் தாமதமாக, கணினிக்கு வருகின்றன: 2020-இல் ஹொரைசன் சீரோ டான், 2022 ஜனவரியில் காட் ஆஃப் வார், 2024 மே மாதம் கோஸ்ட் ஆஃப் சுஷிமா. ஆனால் எல்லாமே வருவதில்லை. பிளட்போர்ன் வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது, இன்னும் பிளேஸ்டேஷனை விட்டு நகரவில்லை. 2024-இல் வந்த ஆஸ்ட்ரோ பாட்டும் பிஎஸ்5-இல் மட்டும்தான்.

நின்டென்டோ வேலியை நகர்த்தவே இல்லை. மாரியோ, ஜெல்டா வேண்டுமென்றால் அவர்கள் பெட்டியைத்தான் வாங்கியாக வேண்டும். அதனால்தான் எந்த ஜோடியை யார் சொன்னாலும் அதில் ஒரு நின்டென்டோ இருக்கிறது. உங்கள் கேள்வி உண்மையில் நின்டென்டோவோடு எது என்பதுதான். அதற்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் உண்மையாகவே ஆடியவற்றை எழுதிப் போடுங்கள். ஆட ஆசைப்பட்டவை வேண்டாம்.

பச்சைவிளக்கு

எக்ஸ்பாக்ஸைச் சாகடித்துவிட்டுத்தான் எல்லோரும் பேச ஆரம்பிக்கிறீர்கள். சரி, நான் ஒருவனாவது சொல்கிறேன். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கேமின் டிஸ்க்கைச் சீரிஸ் எக்ஸில் போடுங்கள். அது ஆதரவுப் பட்டியலில் இருந்தால் ஓடும், படமும் அன்று இருந்ததைவிடத் தெளிவாக இருக்கும். அதற்கு அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இன் கேம்களும் அப்படியே. பிஎஸ்5-இல் பிஎஸ்3 டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. பிஎஸ்3-க்குள் இருந்த செல் சிப் அப்படிப்பட்ட விசித்திரப் பிறவி, அதை இன்னொரு பெட்டிக்குள் நடித்துக் காட்டுவது கஷ்டம், அதனால் அந்தக் காலத்துக் கேம்களை இணையம் வழியாக ஒளிபரப்பித்தான் தருகிறார்கள்.

அப்புறம் குவிக் ரெஸ்யூம். பெட்டியை அணைத்துவிட்டு மூன்று நாள் கழித்து வந்தாலும், வேறு இரண்டு கேம் ஆடிவிட்டு வந்தாலும், விட்ட இடத்தில் அதே நொடியில் நிற்கும். ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். கம்பெனி லோகோ, எச்சரிக்கைப் பக்கம், மெனு, லோடிங், இது எதுவுமே இல்லை. நான் வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே இங்கே இருப்பேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 360 காலத்திலிருந்து கேம் சேர்த்து வைத்திருப்பவனுக்குத்தான் இதெல்லாம் சொர்க்கம். பிஎஸ்4-இல் நாற்பது கேம் வைத்திருக்கும் உங்களை இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூப்பிட எனக்கே மனசு வரவில்லை. வந்தே தீருவேன் என்றால் சின்ன மாடலான சீரிஸ் எஸ் வேண்டாம், எக்ஸாக வாங்குங்கள். எஸ்ஸில் 10 ஜிபி நினைவகம்தான், டிஸ்க் டிரைவும் கிடையாது. பால்டர்ஸ் கேட் 3 மற்ற இடங்களில் 2023 ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தபோது எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆனது எதனால்? ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடுவதை எஸ்ஸில் ஓட வைக்க முடியவில்லை. கடைசியில் அந்த வசதி இல்லாமலேதான் எஸ்ஸுக்கு வந்தது.

பாதிசேவ்

பட்டியல் போட்டேன். போட்டிருக்கக் கூடாது, வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு மாதத்தில் தொடங்கியது பதினேழு கேம், முடித்தது நான்கு. பதினேழில் பன்னிரண்டு பிஎஸ்4-இல், ஐந்து லைட்டில். அந்தப் பன்னிரண்டில் சோனியின் சொந்தக் கேம் இரண்டே இரண்டு, மற்றதெல்லாம் எந்தப் பெட்டியிலும் கிடைக்கிறவை. அதிக நேரம் போனது எல்டன் ரிங், 140 மணி நேரம். அடுத்தது ஸ்டார்ட்யூ வேலி, லைட்டில், படுத்துக்கொண்டு.

சனிக்கிழமை கதைதான் பரிதாபம். நண்பர்கள் மூவரும் ஹெல்டைவர்ஸ் 2, மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் என்று போய்விட்டார்கள், இரண்டுமே பிஎஸ்4-இல் இல்லை. அதனால் பல வாரமாக நான் என்ன செய்கிறேன் என்றால், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் "பின்னாடி பார்! பின்னாடி பார்!" என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டே ஸ்டார்ட்யூவில் பரங்கிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மூவரில் இருவர் பிஎஸ்5, ஒருவன் கணினி.

லோடிங்99

பரங்கி நன்றாக வந்ததா?

பாதிசேவ்

பெரிய பரங்கி இரண்டு வந்தது.

கைப்பிடி

பட்டியலைப் பார்த்தபின் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது கன்சோலே இல்லை, ஸ்டீம் டெக் மாதிரி ஒரு கைக்கணினி. பிஎஸ்4-இல் ஆடிய பன்னிரண்டில் பத்து எங்கேயும் கிடைக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். படுத்துக்கொண்டும் ஆடலாம், டாக்கில் வைத்தால் டிவியிலும் வரும், ஆன்லைனில் ஆட மாதச் சந்தாவும் கிடையாது. பிஎஸ்5-இல் காசு கொடுத்து வாங்கிய கேமையே ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும், எக்ஸ்பாக்ஸிலும் சந்தா வேண்டும், ஸ்விட்சிலும் வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவசக் கேம்களுக்கு மட்டும் விலக்கு. இரண்டு கன்சோல் என்றால் இரண்டு சந்தா, அதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை.

வயர்முடிச்சு

சந்தா விஷயம் சரியான பேச்சு, அதை நான் விட்டுவிட்டேன். ஆனால் ஸ்டீம் டெக்கை இவருக்குச் சொல்வதில் இரண்டு சிக்கல். ஒன்று, பிஎஸ்4-இல் சேர்த்த நாற்பதும் அங்கே வராது, எல்லாம் மறுபடி வாங்க வேண்டும். இரண்டு, 2022-இல் வந்த அந்தச் சின்ன சிப் மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸை இழுக்க முக்கும், சனிக்கிழமை கத்துவதற்குப் பதில் விக்கும். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக ஃபோர்ட்நைட், புதிய கால் ஆஃப் டூட்டி மாதிரி சில கேம்கள் அதன் லினக்ஸில் ஓடுவதே இல்லை. நல்ல கணினி வீட்டில் ஏற்கெனவே இருப்பவருக்கு டெக் ஒரு அருமையான இரண்டாவது கருவி. இவரிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப்.

கைப்பிடி

நியாயம்தான். ஆனால் வீட்டில் நல்ல கணினி இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு எக்ஸ்பாக்ஸ் தேவையே இல்லை, அதன் சொந்தக் கேம் எல்லாம் அதே நாளில் கணினிக்கும் வருகிறது. கணினி, ஒரு ஸ்விட்ச் 2, அவ்வளவுதான். சோனி கேமுக்குக் காத்திருக்கப் பொறுமை இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

நடுராத்திரி

ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நான் இதில் அடிபட்டவன். வேறு பெட்டி வைத்திருக்கும் நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது (கிராஸ்பிளே) வேறு, உங்கள் சேவ், அதாவது ஆடிய வரைக்குமான பதிவு, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போவது வேறு. கிராஸ்பிளே என்ற வார்த்தையைப் பார்த்ததும் இரண்டும் உண்டு என்று நினைத்துவிடுகிறோம்.

ஹெல்டைவர்ஸ் 2-இல் பிஎஸ்5, கணினி, 2025 ஆகஸ்டிலிருந்து எக்ஸ்பாக்ஸ், மூன்றும் சேர்ந்து ஆடலாம். மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸிலும் எல்லாப் பெட்டிக்காரர்களும் சேர்ந்து வேட்டைக்குப் போகலாம், ஆனால் உங்கள் வேட்டைக்காரன் தொடங்கிய பெட்டியிலேயேதான் இருப்பான். பால்டர்ஸ் கேட் 3-இல் சேவும் கூடவே வரும், சைபர்பங்க் 2077-இலும் வரும். எல்டன் ரிங்கில் பிஎஸ்4-உம் பிஎஸ்5-உம் சேரும், எக்ஸ்பாக்ஸோடும் கணினியோடும் சேராது. அதன் கிளைக் கேமான நைட்ரெயினும் அப்படித்தான், அதற்குப் போனால் அந்தக் கணினி நண்பன் வெளியே நிற்பான். ஜிடிஏ ஆன்லைனில் வேறு வேறு பெட்டிக்காரர்கள் சேரவே முடியாது.

நான் அடிபட்டது எப்படி என்றால், ஒரு ரோல் பிளேயிங் கேமை ஒரு பெட்டியில் அறுபது மணி நேரம் ஆடிவிட்டு, கையில் வைத்து ஆடலாமே என்று அதையே இன்னொரு பெட்டிக்கும் வாங்கினேன். திறந்தால் முதல் காட்சி, நாயகன் தூங்கி எழுகிறான். அறுபது மணி நேரமும் அந்தப் பக்கம் இருக்கிறது, இந்தப் பக்கம் அவன் பல் துலக்கவில்லை.

சோபாவாசி

இவ்வளவு பேசியும் நான் சொன்ன அதே ஜோடிதான் வருகிறது பார்த்தீர்களா.

வயர்முடிச்சு

வருகிறது, ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம், வரிசை முக்கியம். இப்போது செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வைக்கும் பெட்டியை முதலில் வாங்குங்கள், இப்போது செய்வதை இன்னும் அழகாகச் செய்யும் பெட்டி பிறகு. எல்டன் ரிங் பிஎஸ்5-இல் வழவழவென்று ஓடும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை நீங்கள் ஏற்கெனவே 140 மணி நேரம் ஆடிவிட்டீர்கள். ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு உங்களிடம் இருப்பதே போதும். உங்களால் இப்போது முடியாதது இரண்டு: சனிக்கிழமை நண்பர்களோடு ஆடுவது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு டிவியில் ஆடுவது. லைட்டை டிவியோடு இணைக்கவே முடியாது, அந்த வசதியே அதில் கிடையாது. அதனால்தான் அவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள், இருப்பது ஒரே திரை.

சோபாவாசி

இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. நண்பர்கள் கூட்டம் இன்றைக்கு ஒரு கேம், நாலு மாதத்தில் வேறு கேம், ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால் கூட்டமே இல்லை. அதை நம்பி ஒரு பெட்டி வாங்குவதா? பிள்ளைகள் அடுத்த ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார்கள். ஸ்விட்ச் 2-தான் முதலில். பழைய ஸ்விட்ச் கேம்களும் பெரும்பாலும் அதில் ஓடும், லைட்டில் வாங்கி வைத்த எதுவும் வீணாகாது. மாரியோ கார்ட் வேர்ல்டைப் போட்டு நாலு பேருக்கும் கையில் கொடுத்துவிட்டால் வீடு கலகலவென்று இருக்கும்.

வயர்முடிச்சு

கலகலவென்று இருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்விட்ச் 2 வாங்கும்போது தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயம். உள்ளே 256 ஜிபி, கூடுதல் இடத்துக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டைதான் வேண்டும், லைட்டில் போட்டிருக்கும் பழைய அட்டையில் கேமை ஏற்ற முடியாது, அதிலிருக்கும் ஸ்கிரீன்ஷாட், வீடியோவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது கேம் கீ கார்டு என்று ஒன்று. கடையில் வாங்கும் கார்டில் கேமே இருக்காது, சாவி மட்டும் இருக்கும், கேமை முழுதாக டவுன்லோட் செய்ய வேண்டும், ஆடும்போதெல்லாம் கார்டும் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு முறையின் தொல்லையும் ஒரே அட்டையில்.

பழையடிஸ்க்

கேம் கீ கார்டு என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜோடி சேர்ப்பது புதிய வியாதி இல்லை, தம்பிகளா. 2006-இல் நின்டென்டோவின் வீ வந்தபோது "வீ60" என்றே ஒரு பேர் ஓடியது, வீயையும் எக்ஸ்பாக்ஸ் 360-ஐயும் சேர்த்து வாங்கு என்று அர்த்தம். அது ஏன் நல்ல ஜோடி என்றால் இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. ஒன்று 480பி-க்கு மேல் போகாத, கையை வீசி ஆடும் பெட்டி, இன்னொன்று ஹெச்டியில் சுடும் பெட்டி. அதில் இன்னொரு லாபமும் இருந்தது. முதல் வீயில் அதற்கு முந்தைய நின்டென்டோ பெட்டியான கேம்க்யூபின் டிஸ்க் ஓடும், கன்ட்ரோலர் மாட்டுவதற்குத் தலையிலேயே நாலு துளை வைத்திருந்தார்கள், பழைய மெமரி கார்டு சொருக இடம்கூட உண்டு. பிஎஸ்3-இன் முதல் மாடலில் பிஎஸ்2-இன் சிப்பையே உள்ளே வைத்திருந்தார்கள். அந்த இரண்டும் வைத்திருந்தவன் டிவிக்குக் கீழே பார்த்தால் இரண்டு பெட்டி, உண்மையில் நாலு. நான் இன்றுவரை பெட்டியை எண்ணுவதில்லை, அதற்குள் எத்தனை பெட்டி இருக்கிறது என்றுதான் எண்ணுவேன்.

இப்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சீரிஸ் எக்ஸுக்குள் நாலு தலைமுறை, ஆனால் பச்சைவிளக்கு சொன்ன மாதிரி உங்களுக்கு அதில் சேமிப்பு இல்லை. பிஎஸ்5-க்குள் பிஎஸ்4 அனேகமாக முழுசாக இருக்கிறது. ஸ்விட்ச் 2-க்குள் ஸ்விட்ச் இருக்கிறது, லைட்டும் அதுதான். இன்னொன்று, கடைகள் சாகும். நின்டென்டோவின் பழைய பெட்டிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளும் 2023 மார்ச் 27-ஆம் தேதி விற்பனையை நிறுத்தின, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-ஆம் தேதி. வாங்கியவர்கள் திரும்ப டவுன்லோட் செய்யலாம், புதிதாக ஒன்றும் வாங்க முடியாது. டிஸ்க் இருப்பவன் அந்தத் தேதியைக் காலண்டரில் குறிக்க வேண்டியதில்லை.

பாதி டிஸ்க் வைத்திருக்கும் நீங்கள் டிரைவ் இல்லாத மாடல் பக்கம் போகவே வேண்டாம். பிஎஸ்5 ப்ரோவிலும் டிரைவ் கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும், மாட்டியதும் முதல் முறை இணையத்தில் பதிவு செய்துதான் அது வேலை செய்யும்.

பாதிசேவ்

ஸ்நானப் பிராப்தியை இங்கே இழுத்ததற்கே உங்கள் பேச்சைக் கேட்கலாம் அண்ணா. ஒரு சந்தேகம், பிஎஸ்5 வாங்கினால் என் பிஎஸ்4 கன்ட்ரோலர் இரண்டையும் அதில் பயன்படுத்தலாமா? வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருக்கிறது.

வயர்முடிச்சு

கன்ட்ரோலர் பிஎஸ்4 கேமுக்கு மட்டும் வேலை செய்யும், பிஎஸ்5 கேமுக்குச் செய்யாது, அதற்கு பிஎஸ்5-இன் சொந்தக் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ்தான். ஹார்ட் டிஸ்க்கும் அதே கதை: பிஎஸ்4 கேமை அதிலிருந்தே ஆடலாம், பிஎஸ்5 கேமை அதில் தூக்கி வைக்க மட்டும்தான் முடியும், ஆடும்போது உள்ளே கொண்டுவர வேண்டும். உங்களுக்கு அது நல்லதுதான், நாற்பதையும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் விட்டுவிட்டு உள்ளிருக்கும் எஸ்எஸ்டியைப் புதுசுக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு போதவில்லை என்றால் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றை நீங்களே மாட்டலாம், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

நடுராத்திரி

எந்தப் பெட்டி வாங்கினாலும் கன்ட்ரோலரின் ஸ்டிக் தானாக நகர ஆரம்பிக்கும் நாள் வரும், அதையும் மனதில் வையுங்கள். என்னிடம் இருந்த ஒன்றில் (எது என்று வேண்டாம்) நாயகன் எப்போதும் மெல்ல மெல்ல இடது பக்கம் நடந்துகொண்டே இருந்தான், பேச்சுவார்த்தைக் காட்சியில்கூட. ஸ்டிக்கின் அடியில் ஒரு தொடுமுனை கார்பன் தடத்தில் உரசிக்கொண்டே இருக்கிறது, உரசி உரசித் தேயும். மூன்று கம்பெனியும் கூடவே தரும் கன்ட்ரோலர்களில் அதே வகைதான். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளவை வெளிக் கம்பெனிகளிடம் கிடைக்கும், அவற்றில் உரசலே இல்லை.

பழையடிஸ்க்

பாதிசேவ் தம்பி, பிஎஸ்5 வந்ததும் பிஎஸ்4-ஐ என்ன செய்யப் போகிறீர்கள்?

பாதிசேவ்

விற்றுவிடலாம் என்றுதான். ஏன்?

பழையடிஸ்க்

விற்காதீர்கள். அக்கா வீட்டுக்குக் கொடுங்கள். உங்கள் கணக்குக்கு ஒரு பிஎஸ்4-ஐ முதன்மை என்று வைக்கலாம், ஒரு பிஎஸ்5-இல் தனியாகப் பகிர்வு வசதியைத் தொடங்கலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. அங்கே பிள்ளைகள் தங்கள் கணக்கில் நுழைந்தே உங்கள் டவுன்லோட் கேம்களை ஆடலாம், இங்கே நீங்கள் உங்கள் பாட்டுக்கு ஆடலாம். அந்த இரண்டு பழைய கன்ட்ரோலரையும் கூடவே கொடுத்துவிடுங்கள், பிஎஸ்5-இல் அவற்றுக்குப் பெரிதாக வேலை இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. ஓவர்குக்ட், ரேமேன் லெஜண்ட்ஸ், க்ராஷ் டீம் ரேசிங் என்று ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆட எவ்வளவோ இருக்கிறது. சனிக்கிழமையும் தீர்ந்தது, ஞாயிற்றுக்கிழமையும் தீர்ந்தது, வாங்கியது ஒன்றே ஒன்று.

வயர்முடிச்சு

இது எனக்குத் தோன்றவே இல்லை. புதுசாக எதை வாங்கலாம் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோபாவாசி

பிள்ளைகள் மாரியோ கேட்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைவிளக்கு

டிவியில் எந்தத் துளையில் மாட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நிறைய டிவிகளில் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படம்) வாங்கும் ஹெச்டிஎம்ஐ 2.1 துளை ஒன்றோ இரண்டோதான், அதிலும் ஒன்று சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும் அதே துளையாக இருக்கும். பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் டிவியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பாதிசேவ்

மூன்று வாரம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

டிரைவ் உள்ள பிஎஸ்5 வந்துவிட்டது. டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்தேன், பச்சைவிளக்கு சொன்ன மாதிரியே சவுண்ட்பார் நல்ல துளையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இன்னொரு துளையிலும் 120 வரும் என்று மெனுவில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போயிற்று, அதற்கென்று தனியாக ஒரு அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. எல்டன் ரிங்கில் பிஎஸ்4 பதிப்பின் சேவ் ஃபைலை ஆன்லைன் சேமிப்பிலிருந்து இறக்கி, புதிய பதிப்புக்குள் ஏற்றி, 140 மணி நேரமும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. சனிக்கிழமை மூன்றும் நண்பர்களோடு போய்விட்டன. இப்போது பின்னாடி பார்க்கச் சொல்லிக் கத்துகிறவன் நான்தான். எக்ஸ்பாக்ஸ் இப்போதைக்கு இல்லை, ஸ்விட்ச் 2 அடுத்த வருடம் பார்க்கலாம், ஸ்டார்ட்யூவுக்கு லைட் போதும்.

பிஎஸ்4-ஐ போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கொண்டுபோய் மாட்டினேன். க்ராஷ் டீம் ரேசிங்கைப் போட்டு இருவர் கையிலும் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். சின்னவன் ஒரு சுற்று ஓட்டினான், இரண்டாவது சுற்றில் குழியில் விழுந்தான், எழுந்தான், மெனுவுக்குப் போய் ஆட்களை ஒவ்வொருவராகப் புரட்டிப் பார்த்தான், கடைசி ஆள் வரைக்கும் போய்விட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, இதில் மாரியோ எங்கே?" என்றான்.

சோபாவாசி

எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.